ஊருணிப் பிணக்கும் கிராம சபையும்: பெண்களுக்கு உள்ள உரிமை

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. தலைமுறை தலைமுறையாகத் தாகம் தீர்த்தவை ஊருணிகள். இரண்டு தெருக்காரர்களுக்குள் கசப்பு வந்தால், குடத்தோடு படித்துறையில் நிற்கும் பெண்களுக்கே அது முதலில் தெரிகிறது. ஆனால் தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்றால் நாற்காலிகளில் பெரும்பாலும் ஆண்கள்தான். பிணக்கைத் தீர்க்கத் தெரிந்தவர்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் உரிமையோடு பேசக்கூடிய இடம் கிராம சபை.

1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். மகளிர் குழுவில் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலோ ஊரிலோ யாருடைய சம்மதமும் தேவையில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஊருணியைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் ஏது?

மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை என்றால் 100 பேரும் சபைக்கு வந்திருக்க வேண்டும். சின்ன ஊராட்சியில் இரு தெருப் பெண்களும் சேர்ந்து வந்தாலே அந்த எண்ணிக்கை நிறைந்துவிடும்.

ஊருணிப் பிணக்கு பற்றிய கோரிக்கையை முன்னதாகவே எழுதி, இரு தெருப் பெண்களும் கையெழுத்திட்டுத் தலைவரிடம் கொடுங்கள். தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் கொடுக்கலாம். அமைதிக் கூட்டத்துக்குப் பெண்களையும் அழைக்க வேண்டும் என்றும் அதில் கேளுங்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம். நகல் தர மறுத்தால், 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிணறு, குளம், சாலை எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. பட்டியல் சாதியினரைப் பொது நீர்நிலையில் தடுப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது சபையில் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. காவல் நிலையத்தில் புகார் பதிவாக வேண்டும். அடிபட்டவரிடம் போய் “வழக்கை வாபஸ் வாங்கு” என்று வற்புறுத்துவது சமாதானம் ஆகாது. அந்த வேலைக்குப் பெண்களை யார் முன்னே அனுப்பினாலும் போகாதீர்கள்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற பேரூராட்சிகளில் கிராம சபை இல்லை. அங்கே வார்டுக்குள் கூடும் பகுதி சபையில் இதே கோரிக்கையை வைக்கலாம்.