ஒரே வேரில் இரண்டு புற்றுநோய்

திருகோணமலையில் ஒருவருக்குச் சாப்பிட்ட கையோடு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை சுற்றினால் வீட்டார் முதலில் சூரை மீனைத்தான் திட்டுவார்கள். அதில் நியாயம் உண்டு. வெயிலில் கிடந்த சூரையில் பக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமையைத் தூண்டும் இரசாயனத்தை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆனால் மீனே தொடாத நாட்களிலும் இது திரும்பத் திரும்ப வந்தால்? ஹிஸ்டமின் உடம்புக்குள்ளேயே கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதைச் சேமித்து வைத்திருப்பவை மாஸ்ட் கலங்கள். 1878இல் ஜேர்மன் மருத்துவ விஞ்ஞானி போல் ஏர்லிக் அடையாளம் காட்டிய நோயெதிர்ப்புக் கலங்கள் இவை. இவை கட்டுமீறிப் பெருகுவதுதான் மாஸ்டோசைட்டோசிஸ் என்ற அரிய நோய். சிலருக்குத் தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒன்றை விரலால் தேய்த்துவிட்டால் சில நிமிடங்களில் அந்த இடம் தடித்துச் சிவக்கும்.

சந்தேகம் வந்தால் இடுப்பெலும்பில் ஊசியேற்றி என்பு மச்சையை எடுத்துப் பார்ப்பார்கள். 15 அல்லது அதற்கு மேற்பட்ட மாஸ்ட் கலங்கள் திரளாக நின்றால் அது முக்கிய ஆதாரம். சிலரிடம் அதே மச்சையில் இன்னொன்றும் தென்படும்: மொனோசைட் என்ற வெள்ளணுக்கள் பெருகும் ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்.

ஒரு மனிதருக்கு இரண்டு அரிய நோயா, என்ன தலைவிதி என்று தோன்றும். தலைவிதி அல்ல. இரண்டு வகைக் கலங்களும் மச்சையின் மூலக்கலங்களிலிருந்தே பிறக்கின்றன. விதைநெல் மூட்டையில் கலப்பிருந்தால் தம்பலகாமத்து வயலிலும் கந்தளாய் வயலிலும் அதே கலப்புத்தானே முளைக்கும்? டெட்2 போன்ற மரபணுக்களில் ஒரு விகாரம், அதாவது பிறழ்வு, பெரும்பாலும் முதலில் விழுகிறது. அப்புறம் கிட் என்ற மரபணுவில் இன்னொன்று. கிட் புரதத்தின் 816ஆவது இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறுவதால், வெளியிலிருந்து சமிக்ஞை வராமலே 'பெருகு' என்ற கட்டளை ஓடிக்கொண்டிருக்கும். பல நோயாளிகளின் மொனோசைட்டுகளிலும் இதே கிட் விகாரம் இருப்பது ஒரே வேருக்கு நல்ல சான்று.

வேர் ஒன்றென்றாலும் மருந்து ஒன்றல்ல. கிட்டைத் தடுக்கும் மிடோஸ்டோரின் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாஸ்ட் கலங்கள் அதற்கு அடங்கினாலும் இரத்தப் புற்றுநோய் தன்பாட்டில் வளரலாம். அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். எது அதிகம் மிரட்டுகிறதோ அதை முதலில் கவனிப்பார்கள். இடையில் சத்திரசிகிச்சை ஏதும் வந்தால், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் மாஸ்டோசைட்டோசிஸ் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளும், ஏன், ஒரு குளவிக் கொட்டும்கூட அந்தக் கலங்களை ஒரே நேரத்தில் வெடிக்க வைத்து இரத்த அழுத்தத்தை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடும்.