பலட்டும் பைலாவும்: ‘புளூஸ் பலட்’ எனும் சொல்

கிற்றார் பழக வரும் பிள்ளைகளுக்கு, விரல்கள் ஓரளவு பழகியதும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸில் அமைந்த மெதுவான பலட் ஒன்றின் மெட்டைக் கொடுப்பது என் வழக்கம். வீணை பயின்றபின் கிற்றாருக்கு வந்த மாணவி ஒருவர், “பலட் எண்டால் கதைப்பாடல் எண்டு அகராதியில போட்டிருக்கு, ஆனா இதில ஒரு கதையும் இல்லையே, சேர்?” என்று கேட்டார். அகராதியும் பிழையில்லை, அவருடைய கேள்வியும் பிழையில்லை. பலட் என்ற சொல் தன் பொருளை இருமுறை மாற்றிக்கொண்டு வந்திருப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

ஆங்கிலம் பலட் என்ற சொல்லைப் பிரெஞ்சு மொழி வழியாகப் பெற்றது. பிரெஞ்சு அதனைத் தென்பிரான்சின் ஒக்சித்தன் மொழியில் வழங்கிய ‘பலாதா’ என்ற சொல்லிலிருந்து எடுத்தது. அங்கே அதற்கு ஆடுவதற்குரிய பாட்டு என்பதே பொருள். அதற்கும் அடியில் இருப்பது, ஆடுதல் என்று பொருள்படும் ‘பல்லாரே’ எனும் பிற்கால இலத்தீன் வினைச்சொல். அதே வினை போர்த்துக்கேய மொழியில் ‘பைலார்’ என வழங்கியது. அந்த வழியில்தான் பைலா என்ற பெயர் இலங்கைக் கரைகளுக்கு வந்து சேர்ந்தது. கலியாண வீட்டில் முதியவர்களையும் எழுப்பி ஆட வைக்கும் பைலாவும், விளக்கைக் குறைத்துவிட்டு அமைதியாகக் கேட்கும் பலட்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை முதன்முதலில் அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஆட்டப்பாட்டாக இருந்த பலட், ஆங்கிலத்தில் காலப்போக்கில் ஒரே மெட்டில் கண்ணி கண்ணியாகக் கதை சொல்லும் பாட்டைக் குறிக்கத் தொடங்கியது. நம்முடைய கதைப்பாடல் என்ற சொல் இந்த இரண்டாவது பொருளுக்கு மிகச் சரியாகப் பொருந்தும். காத்தவராயன் கதையை மெட்டோடு கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஜாஸ் கலைஞர்களும் மேடைப் பாடகர்களும் காதலையோ பிரிவையோ சொல்லும் மெதுவான பாட்டையே பலட் என்று அழைக்கலாயினர். கதை நழுவிப்போய், நடையும் உணர்வும் மட்டும் எஞ்சின. நாட்டாரியல் ஆய்வாளர்கள் புளூஸ் பலட் என்னும்போது, நீராவித் துளைப்பொறியோடு போட்டியிட்ட தொழிலாளி ஜோன் ஹென்றியின் பாட்டைப் போன்ற கதைப்பாடல்களையே கருதுவர். கிற்றார் வாசிப்பவர் அதே தொடரைச் சொன்னால், புளூஸ் சுரங்களில் அமைந்த மெதுவான பாட்டு என்றே கொள்ள வேண்டும்.

புளூஸ் என்ற சொல்லைத் தமிழாக்குவது இதைவிடக் கடினம். மனச்சோர்வைத் தரும் நீலப் பேய்கள் என்று பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடரொன்றின் சுருக்கமே அது என்பர். 1798 இல் ஜோர்ஜ் கோல்மன் எழுதிய நகைச்சுவை நாடகமொன்றின் தலைப்பே அந்தத் தொடர்தான். பின்னர் அமெரிக்காவின் தென்மாநிலக் கறுப்பின மக்கள் வளர்த்த இசைக்கு அது பெயராகியது, இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹன்டி 1912 இல் வெளியிட்ட ‘மெம்பிஸ் புளூஸ்’ அந்தப் பெயரை அச்சு வழியாகப் பரப்பியது. இதை ‘நீலப்பாடல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், நீலிக்கண்ணீர் என்னும் பொய்யழுகை ஒருபுறமும், நீலப்படம் என்ற வழக்கு மறுபுறமும் வந்து பொருளைக் கெடுத்துவிடும். ‘இரங்கற்பாடல்’ என்றாலோ, முப்பத்தோராம் நாளில் நம் வீடுகளில் வழங்கப்படும் கல்வெட்டுப் புத்தகம்தான் நினைவுக்கு வரும்.

நெய்தல் என்ற சொல் என்னை நெடுநாள் ஈர்த்தது. அது நீல மலரின் பெயர். இரங்கலை உரிப்பொருளாகக் கொண்ட திணையின் பெயர். புறநானூற்றின் 194 ஆம் பாட்டில் சாவு வீட்டில் ஒலிக்கும் பறையின் பெயரும் அதுவே. நீலமும் துயரும் இசையும் தமிழில் ஒரே சொல்லில் கூடியிருப்பது வியப்பானது. ஆயினும், அடிமைத்தளையின் நினைவோடு பிறந்த பிறிதொரு மக்களின் இசைக்கு நம்முடைய நிலத்தின் பெயரைச் சூட்டினால் அவர்களுடைய வரலாறு மறைந்துபோகும் என்று எண்ணி அதைக் கைவிட்டேன். பைலாவைப் பைலா என்றே ஏற்றுக்கொண்டதுபோல, புளூஸையும் புளூஸ் என்றே வைத்துக்கொள்வது முறை.

மாற்ற வேண்டியது பலட் என்ற பகுதியை மட்டுமே. ‘மெல்லிசை’ வேறோர் இசைவகைக்குப் பெயராகிவிட்டது. பொப்பிசைக்கு நம்மவர்கள் துள்ளிசை என்று அதன் இயல்பைப் பார்த்துப் பெயர் வைத்ததைப் போல, இதை ‘மென்னடைப் பாடல்’ எனலாம் என்பது என் கருத்து. நடை என்பது நம் தாளக் கலையில் ஏற்கெனவே வழங்கும் சொல் என்பதால் இது கற்பவருக்கும் உதவுகிறது. மெதுவான புளூஸ் பெரும்பாலும் நான்கு அடிகளாகவும், ஒவ்வோர் அடியும் மூன்று பகுதிகளாகவும் நடக்கும். அதாவது திஸ்ர நடை. அந்த மாணவி தகிட தகிட என்று நான்கு தடவை சொல்லித் தொடையில் தட்டியதும், பல நாட்களாகப் பிடிபடாதிருந்த தாளம் பிடிபட்டது.

மெட்டு என்ற சொல்லோ பாட்டின் வடிவத்தையும், வீணையின் தண்டியில் பதித்த பித்தளைக் கட்டையையும் சேர்த்தே குறிக்கும். புளூஸ் மெட்டின் அடிப்படையான ஐந்து சுரங்கள் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, கைசிகி நிஷாதம் என்பவை; சுத்த தன்யாசி இராகம் பாடியவருக்கு இவை புதியவையல்ல. இடையிடையே பிரதி மத்திமமும் தொட்டுச் செல்லும். ஆனால் காந்தாரத்தை அதன் இடத்தில் அப்படியே நிறுத்தினால் புளூஸ் வராது. தந்தியைப் பக்கவாட்டில் சற்றே தள்ளி, அதற்கு அடுத்து மேலேயுள்ள அந்தர காந்தாரத்தை நோக்கி உயர்த்தி, அதை எட்டுவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் எனும் சுர அசைவைப் பிடித்த விரலுக்கு இந்த வேலை தெரியும். எவ்வளவு தூரம் இழுப்பது என்பதை மட்டும் காது புதிதாகக் கற்க வேண்டும். ஆகவே மெட்டை முதலில் வாயால் பாடச் சொல்கிறேன். எங்கே மூச்சு எடுக்கிறார்களோ, அங்கே தந்தியும் ஓய வேண்டும். அந்த மாணவி தன் கொப்பியில் ‘பலட்’ என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டு ‘புளூஸ் மென்னடை’ என்று எழுதி, காந்தாரத்தின் மேலே வீணைக் கொப்பியில் போடுவதைப் போல ஒரு சிறிய வளைகோட்டை இட்டுக்கொண்டார்.