விண்டோஸ் 11 போட்டதும் ஃபைல்களைக் காணோமா? எதையும் தொடாமல் இதைப் படியுங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டிப் பலரும் 11-க்கு மாறினார்கள். "டெஸ்க்டாப்பே காலியா இருக்கு சார், எல்லாம் போச்சு" என்று பதறிக்கொண்டு எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் ஃபைல்கள் எங்கும் போயிருப்பதில்லை, வேறு இடத்தில் இருக்கும். ஆனால் பதற்றத்தில் அடுத்து செய்யும் வேலைகளால் சிலருக்கு அவை நிஜமாகவே அழிந்துவிடுகின்றன. அதுதான் எனக்கு வருத்தம்.

லாகின் செய்ததும் வால்பேப்பர் மாறி, சிஸ்டம் புதிதாக வாங்கியதுபோல இருக்கிறதா? விண்டோஸ் உங்கள் ப்ரொஃபைலை (உங்கள் ஃபைல்களும் செட்டிங்ஸும் உள்ள கணக்கை) திறக்க முடியாமல் தற்காலிக ப்ரொஃபைல் ஒன்றில் உங்களை உட்கார வைத்திருக்கலாம். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர் அப்படியே இருக்கும், பக்கத்திலேயே டெம்ப் என்று இன்னொன்று இருக்கும். இந்த நிலையில் புதிதாக எதையும் சேவ் செய்யாதீர்கள். சைன் அவுட் ஆனதும் தற்காலிக ப்ரொஃபைலில் வைத்ததெல்லாம் போய்விடும். டிடிபி வேலை செய்யும் பெண் ஒருவர் நாள் முழுக்க வினாத்தாள் அடித்து டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டு, மாலையில் சிஸ்டத்தை அணைத்தார். பழைய ஃபைல்கள் எல்லாம் கிடைத்தன. அன்றைய உழைப்பு மட்டும் கிடைக்கவில்லை. ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்தாலே பலருக்குப் பழைய ப்ரொஃபைல் திரும்பிவிடும்.

அடுத்து ஒன்டிரைவ், அதாவது ஃபைல்களை இணையத்தில் சேமிக்கும் மைக்ரோசாஃப்டின் வசதி. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ளே நுழையும்போது பேக்கப்பும் சேர்ந்து இயங்கத் தொடங்கினால், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடும். பிறகு அந்த பேக்கப்பை நிறுத்தினால் டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரியும், ஃபைல்கள் ஒன்டிரைவுக்குள்ளேயே இருக்கும். அங்கே தேடாமல் "இது எதற்கு" என்று ஒன்டிரைவ் ஃபோல்டரை டெலீட் செய்துவிடாதீர்கள்.

பென் டிரைவிலிருந்து ஃபார்மட் செய்யாமல் விண்டோஸ் போட்டிருந்தாலோ, அப்கிரேடின்போது எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தேர்வு செய்திருந்தாலோ, சி டிரைவில் பழைய விண்டோஸ் ஒதுக்கி வைக்கப்படும் 'விண்டோஸ்.ஓல்ட்' (Windows.old) என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். அதற்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர். கணக்கு சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறவர்கள் அதே யூசர்ஸுக்குள் பப்ளிக் என்ற ஃபோல்டரையும் மறக்காமல் பாருங்கள். சில கணக்கு டேட்டா அங்கேதான் கிடக்கும். கிடைத்ததை எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள், கட் செய்ய வேண்டாம். இந்த விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை 10 நாளில் விண்டோஸ் தானாகவே அழித்துவிடும். "இடம் அடைக்கிறது" என்று டிஸ்க் கிளீனப் ஓட்டினால் அதற்கு முன்பே போய்விடும். ஆகவே "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நிஜமாகவே அழிந்த கதையும் உண்டு. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலரது டாக்குமென்ட்ஸ் ஃபைல்களை அழித்தது. டாக்குமென்ட்ஸை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய ஃபோல்டரிலும் ஃபைல்களை விட்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் அது நேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தி, சரிசெய்து நவம்பரில் மறுபடி வெளியிட்டது.

எங்குமே இல்லை என்றால் சிஸ்டத்தை அணைத்துவிடுங்கள். ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிரைவில் இறக்கி நிறுவுவதுதான் நான் பார்க்கும் மிக மோசமான செயல். தொலைந்த ஃபைல் இருந்த இடத்தின் மேலேயே அது எழுதிவிடலாம். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற வசதி அழித்த இடத்தைத் துடைத்துவிடுவதால் நம்பிக்கை மிகக் குறைவு. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற வசதி இயங்கியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி எண் இல்லாமல் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் பதிவாகியிருக்கும், தேடி எடுத்து வாருங்கள்.

இன்னும் அப்கிரேட் செய்யாதவர்களுக்கு ஒன்று. "முக்கியமானதெல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, ஃபார்மட் போடுங்கள்" என்று பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றுமே நீங்களாக மாற்றியிருந்தாலொழிய சி டிரைவில்தான் இருக்கின்றன. முதலில் அவற்றை எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் ஏற்றுங்கள், நாலைந்து ஃபைல்களைத் திறந்து சரிபாருங்கள், டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். அப்புறம் அப்டேட்டைத் தொடங்கலாம்.