ஷேர் லிஸ்ட்டில் பெயர் இல்லாத வாசகர்

“டாகுமென்ட் ரெஸ்ட்ரிக்டட்லதான் சார் இருக்கு. எங்க ஆபீஸ் ஆளுங்களைத் தவிர யாராலயும் திறக்க முடியாது.”

இனிமேல் யாராவது இதைச் சொன்னால் வாயைத் திறக்காமல் இந்தக் கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். சின்ன அலுவலகங்களின் கணினிப் பாதுகாப்பைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஆடிட்டர்கள், வக்கீல்கள், வெளிநாட்டுக்கு வேலை செய்து தரும் சின்னச் சின்ன கம்பெனிகள். எழுத்து வேலையெல்லாம் கூகுள் டாக்ஸில். பாதிப் பேர் பிரவுசரில் ஆங்கில இலக்கணம் பார்க்கும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டவைக்கும் சின்ன நிரல்) ஒன்று இருக்கிறது. யார் போட்டது என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை.

சமீபத்தில் கோவையில் ஓர் அலுவலகம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சம்பளக் கணக்கும் பணியாளர் கடிதங்களும் தயாரித்துக் கொடுக்கிறார்கள். அந்த வாடிக்கையாளர் ஒரு பாதுகாப்புக் கேள்வித்தாள் அனுப்பியிருந்தார். ‘எங்கள் தகவலை உங்களைத் தவிர வேறு யாராவது கையாள்கிறார்களா?’ என்பது அதில் ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டார்கள். டாக்ஸ் ரொம்ப மெதுவாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. போய்ப் பார்த்தால் திரையில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம். பெயர், சம்பளம், நிறுத்துவதற்கான காரணம், எல்லாம் இருக்கிறது. ஓரத்தில் இரண்டு வட்டங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு இலக்கணத் திருத்திகள். அதில் ஒன்றின் பெயரை நானே கேள்விப்பட்டதில்லை.

மேனேஜர் பதறாமல் ஷேர் பட்டனை அழுத்திக் காட்டினார். நாலு பெயர்கள், நாலும் அலுவலக ஆட்கள். “பாருங்க, வெளியாள் யாருமே இல்லை.” பிறகு டாக்ஸுக்குள்ளேயே இருக்கும் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ மெனுவைத் திறந்தார். அதிலும் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான், அவருக்குத் திருப்தி.

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஷேர் லிஸ்ட் என்பது கூகுளின் சர்வரிலிருந்து அந்த ஆவணத்தை யார் எடுக்கலாம் என்ற பட்டியல். எக்ஸ்டென்ஷன் கூகுளின் சர்வருக்கே போவதில்லை. நீங்கள் லாகின் செய்து, நீங்கள் திறந்து, உங்கள் திரைக்கு வந்துவிட்ட எழுத்தை உங்கள் பிரவுசருக்குள் இருந்தபடி படிக்கிறது. கூகுளைப் பொறுத்தவரை அங்கே படித்துக்கொண்டிருப்பவர் நீங்கள். அதனால் அதன் பெயர் ஷேர் லிஸ்ட்டில் வராது. டாக்ஸின் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ மெனுவிலும் வராது. அந்த மெனுவில் இருப்பவை டாக்ஸுக்கென்று சேர்க்கும் ஆட்-ஆன்கள், அது வேறு சாமான். (முன்பு அந்த மெனுவின் பெயரே ‘ஆட்-ஆன்ஸ்’ என்றுதான் இருந்தது. அதை மாற்றி வைத்த புண்ணியவானால் எனக்கு எத்தனை மணி நேர விளக்கம்!) யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில் தேடினாலும் கிடைக்காது. எக்ஸ்டென்ஷன் சொன்ன திருத்தத்தை நீங்கள் அழுத்தி ஏற்றுக்கொண்டால் அது உங்கள் பெயரில்தான் பதிவாகும். ஒப்பந்தத்தில் ஒரு சொல் மாறிக் கிடந்து நாளைக்குச் சண்டை வந்தால் மாற்றியவர் நீங்கள்தான்.

முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தையும் சொல்வார்கள் (குரோம் 2023இல் அதை வேறு படமாக மாற்றிவிட்டது). எழுத்து போகிற வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. போய்ச் சேரும் இடத்தில் யார் படிக்கிறார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

“அது என் கம்ப்யூட்டர்லயே செக் பண்ணுது இல்லையா?” அடுத்த கேள்வி தயாராக வரும். ஜிமெயிலில் புது மெயில் ஒன்றைத் திறந்து, வைஃபையை அணைத்துவிட்டு, தப்பும் தவறுமாக நாலு ஆங்கில வாக்கியம் அடித்துப் பாருங்கள். எழுத்துப்பிழைக்குக் கீழே குரோமின் சிவப்புக் கோடு வரும், ஏனென்றால் அந்த அகராதி உங்கள் கணினியிலேயே இருக்கிறது. இலக்கணத் திருத்தியோ பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வைஃபையைப் போட்ட உடனே சுறுசுறுப்பு வந்துவிடும். படிக்கிற மூளை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம், “காசு கட்டி வாங்கினது சார்.” சரி, நல்லது. காசு கட்டினால் கூடுதல் திருத்தங்கள் வரும், நிபந்தனைகளும் கொஞ்சம் மேலாக இருக்கலாம். ஆனால் எழுத்து அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது.

பகிர்ந்த ஆவணத்தில் இது இன்னும் மோசம். நீங்கள் பரம சுத்தமாக இருக்கலாம். அந்த நாலு பேரில் ஒருவருடைய பிரவுசரில் இலக்கணத் திருத்தி ஒன்று இருந்தால் போதும், உங்கள் எழுத்தும் போகும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. கட்சிக்காரர் ஒருவரின் விவாகரத்து மனுவை ஜூனியர் வீட்டுக்குக் கொண்டுபோய், தம்பியின் லேப்டாப்பில் திறந்து முடித்ததையும் பார்த்திருக்கிறேன். கோர்ட் வாசலில் டைப் அடித்துக் கொடுப்பவரிடம் மனுவைக் கொடுத்தால்கூட ஆளைத் தெரியும், கடையைத் தெரியும். தம்பியின் லேப்டாப்பில் இருந்த திருத்தி யாருடையது என்று ஜூனியருக்கே தெரியாது.

இலக்கணத் திருத்தி நடத்தும் கிராமர்லி மாதிரிப் பெரிய நிறுவனங்களைத் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுத்தை விற்பதில்லை, கடவுச்சொல் கட்டங்களைப் படிப்பதில்லை என்று அவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் நல்லவர் வீட்டிலும் ஓட்டை விழும். 2018 பிப்ரவரியில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஆர்மண்டி கிராமர்லி எக்ஸ்டென்ஷனில் ஒன்றைக் கண்டுபிடித்தார். நீங்கள் திறக்கும் எந்த வலைத்தளமும் உங்கள் கணக்கின் டோக்கனை (உள்ளே நுழைய விடும் சாவி மாதிரி) எடுத்துக்கொண்டு, கிராமர்லி எடிட்டரில் நீங்கள் சேமித்து வைத்த ஆவணங்களைப் பார்த்திருக்க முடியும். அப்போது அதன் பயனர்கள் சுமார் 2.2 கோடி. சில நாட்களில் அடைத்துவிட்டார்கள். யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்தியதற்குத் தடயம் இல்லை என்றும் சொன்னார்கள். அந்த வேகத்தைப் பாராட்டுகிறேன். பெயர் தெரியாத ‘ஃப்ரீ’ திருத்திக்காரர் அந்த வேகத்தில் அடைப்பாரா?

எக்ஸ்டென்ஷன் கைமாறும் ஆபத்தும் இருக்கிறது. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்று ஒன்று, திறந்து கிடக்கும் தாவல்களைத் தூங்க வைக்கும், ரொம்பப் பேர் நம்பியது. 2020இல் அதை எழுதியவர் வேறு யாருக்கோ விற்றார். 2021 பிப்ரவரியில் தீங்கு செய்யும் நிரல் என்று கூகுளே அதை நீக்கியது. 2024 டிசம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. தகவல் கசிவைத் தடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் சைபர்ஹேவன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மெயிலில் ஏமாந்தார். கிறிஸ்துமஸ் நேரத்தில் அவர்களுடைய எக்ஸ்டென்ஷனின் விஷப் பதிப்பு ஒன்று குரோம் ஸ்டோரில் ஏறியது. அதை வைத்திருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். எக்ஸ்டென்ஷன் தானாகவே அப்டேட் ஆகிவிடும், உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். நிறுவும்போது ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று அனுமதி கேட்டதே, நினைவிருக்கிறதா? நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியது அதைத்தான்.

இன்னொரு வழக்கமான கோளாறு. 2021 மே மாதத்தில், டாக்ஸ் எழுத்தைத் திரையில் காட்டும் முறையையே மாற்றப்போவதாக கூகுள் அறிவித்தது. அதுவரை சாதாரண வலைப்பக்கம் போல எழுத்தாக இருந்ததை கேன்வாஸ் மேல், அதாவது ஒரு படம் மாதிரி, வரையும் முறைக்கு மாற்றினார்கள். சில எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்யாமல் போகலாம் என்று அப்போதே சொன்னார்கள். டாக்ஸில் திருத்தியின் பிழைக்கோடு வரவில்லை, இடம் தள்ளி விழுகிறது என்று புகார் வரும்போது நான் முதலில் நினைப்பது இதைத்தான். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கோடு வரவில்லை என்று இரண்டாவது திருத்தி ஒன்றைப் போடுகிறார்கள். அல்லது முழு ஆவணத்தையும் காப்பி செய்து திருத்தியின் வலைப்பக்கத்தில் ஒட்டுகிறார்கள். ஒட்டியது அங்கே அவர்கள் கணக்கில் தங்கிவிடுகிறது. 2018இல் ஓட்டை விழுந்தது அப்படித் தங்கியிருந்த ஆவணங்களுக்குத்தான்.

சரி, என்ன செய்வது?

குரோமில் மேலே வலது பக்கம் ஜிக்சா துண்டு மாதிரி ஓர் ஐகான் இருக்கும். அதை அழுத்தினால் வருவதுதான் உண்மையான பட்டியல். யார் போட்டது என்று தெரியாததை இப்போதே நீக்குங்கள். இலக்கணத்துக்கு ஒன்றுக்கு மேல் எதற்கு? வைத்துக்கொள்வதையும் எல்லாத் தளத்திலும் ஓட விடாதீர்கள். அதன் அமைப்பில், ‘கிளிக் செய்யும்போது மட்டும்’ என்று தள அனுமதியைக் குறைக்கலாம்.

இதைவிட எளிது, குரோமில் வாடிக்கையாளர் வேலைக்கென்று தனி ப்ரொஃபைல். அதில் ஒரு எக்ஸ்டென்ஷனும் கூடாது. லிங்க்ட்இன் பதிவு, வேலைக்கு விண்ணப்பம், பிறந்தநாள் வாழ்த்து, எல்லாவற்றையும் மற்றதில் தாராளமாகத் திருத்திக்கொள்ளுங்கள்.

கூகுள் டாக்ஸிலேயே ‘டூல்ஸ்’ மெனுவில் எழுத்துப்பிழை, இலக்கணச் சோதனை இருக்கிறது. ஆவணம் ஏற்கெனவே கூகுளிடம்தான் இருக்கிறது, புதிதாக ஒருவர் நுழைவதில்லை. அலுவலகக் கடிதத்துக்கு அது தாராளம். அதற்கு மேல் வேண்டும் என்றால் லாங்குவேஜ்டூல் என்ற திருத்தியை உங்கள் சொந்த சர்வரிலேயே ஓட்டலாம், அதன் அடிப்படை நிரல் திறந்த மூலம். தமிழுக்கும் ஓரளவு ஆதரவு உண்டு.

குரோம் மொழி அமைப்பில் ஸ்பெல் செக் ‘என்ஹான்ஸ்டு’ என்று இருந்தால் ‘பேசிக்’ ஆக்குங்கள். என்ஹான்ஸ்டு என்றால் நீங்கள் அடிப்பது கூகுளுக்குப் போகிறது. ‘கடவுச்சொல்லைக் காட்டு’ என்று அழுத்தினால் கடவுச்சொல்லும் போகக்கூடும் என்று 2022இல் ஓட்டோ-ஜேஎஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் காட்டியது.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. எந்த எக்ஸ்டென்ஷனை நிறுவலாம், எதைக் கூடாது என்று அலுவலகம் முழுவதற்கும் ஒரே இடத்தில் குரோமில் வரையறுக்கலாம். அதைச் செய்யாமல் பணியாளரைத் திட்டாதீர்கள். கோவையில் அந்தக் கடிதத்தை அடித்த பெண் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆங்கிலத்தில் தப்பு வந்தால் எல்லோரும் பார்க்கிற மெயிலில் திட்டு விழும் என்ற பயத்தில் இரண்டு திருத்திகள் போட்டிருந்தார். அந்தப் பயத்துக்கு நீங்களும் ஒரு காரணம். வெளியே போகும் கடிதத்தை இன்னொருவர் படித்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள், திருத்தியின் தேவை பாதி குறையும்.

நீக்கியதோடு வேலை முடியவில்லை. ஏற்கெனவே போனது திரும்பாது. திருத்தியின் கணக்கில் நுழைந்து சேமித்த ஆவணங்களை அழியுங்கள், தேவையில்லை என்றால் கணக்கையே மூடுங்கள். கேள்வித்தாளில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தவர்கள், வாடிக்கையாளருக்கு நீங்களே முதலில் மெயில் போடுங்கள்: எந்த எக்ஸ்டென்ஷன், எந்தத் தேதிவரை, யார் யார் கணினியில், என்ன மாதிரி ஆவணங்கள். அந்தக் கோவை அலுவலகத்துக்கு இந்த மெயிலின் வரைவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இன்னும் அனுப்பவில்லை என்று கேள்வி. மேனேஜர் சார், தயவுசெய்து இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.