தாமானுக்குப் பறவை வர ஒரு மரம் போதாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: பால்மரத் (ரப்பர்) தோட்டம் போய் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது, சாலையோரம் வரிசையாக அலங்காரப் பனை நட்டிருக்கிறார்கள், பச்சையாகத்தான் இருக்கிறது, பறவைகளை மட்டும் ஏன் காணோம்?

பச்சையாக இருந்தால் போதாது, ஆண்டு முழுக்கச் சாப்பாடு வேண்டும். இந்த மண்ணில் அதைத் தருவது அத்தி இன மரங்கள், முக்கியமாக மலாய்க்காரர்கள் ஜெஜாவி, வாரிங்கின் என்று சொல்லும் ஆல் வகைகள். உலகில் இவை 750 இனங்களுக்கும் மேல். பச்சைப்புறா, குக்குறுவான், மைனா, பழந்தின்னி வௌவால் எல்லாம் இவற்றைத் தேடி வரும்.

ஏன் ஆண்டு முழுக்க? காரணம் ஒரு குளவி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். நாம் பழம் என்பது உண்மையில் ஒரு மூடிய பை, பூக்கள் அதன் உட்சுவரில் அடர்ந்திருக்கும். மகரந்தம் சுமந்து வரும் பெண் குளவி நுனியிலுள்ள துளை வழியே நெருக்கிக்கொண்டு நுழையும்போது பெரும்பாலும் இறக்கையே பிய்ந்துவிடும். சில பூக்களில் முட்டையிட்டு, மற்றவற்றில் மகரந்தம் சேர்த்துவிட்டு உள்ளேயே சாகும். சில வாரம் கழித்து முதலில் வருவது இறக்கையற்ற ஆண்கள். அவை பெண்களோடு கூடி, சுவரைக் குடைந்து வழி போட்டுக் கொடுத்துவிட்டு மடிகின்றன. மகரந்தத்தோடு வெளியேறும் பெண்ணுக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். பிறந்த மரத்தில் அதற்கேற்ற இளங்காய் அப்போது பொதுவாக இருக்காது, காற்றில் மிதந்து வேறொரு மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு மரமும் வெவ்வேறு மாதத்தில் காய்க்கிறது. எல்லாம் ஒரே சமயம் காய்த்தால் குளவி இனமே அற்றுப்போகும். இந்தக் குளவிக்காக அமைந்த ஏற்பாட்டில்தான் பறவைகள் பசியாறுகின்றன. எனக்கு இதைவிட அழகான கணக்கு தெரியாது!

அப்புறம் ஊர் வரைபடத்தைப் பாருங்கள். கோயிலோரம் தப்பிய ஒற்றை மரம் வருடத்தில் சில வாரமே சோறு போடும். நடந்து போகும் தூரத்தில் பல மரங்கள் வேண்டும். முனி இருக்கிறது என்ற பயத்தில் தோட்டத்துப் பெரியவர்கள் விட்டுவைத்த மரங்களை, இப்போது பூசை போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வெட்டுகிறார்கள். அந்தப் பயத்தில் எனக்கு நம்பிக்கையில்லை, இந்த மன்னிப்பில் அதைவிட இல்லை.

வேர் சுவரைப் பிளக்கும், ஆகவே வீட்டோரம் வேண்டாம். திடல் ஓரம், ஆற்றோர ஒதுக்கு நிலம், பள்ளி வளாகம் சரி. வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போதே நகராண்மைக் கழகம் இந்த இடங்களைக் குறிக்க வேண்டும், வீடு கட்டிய பிறகு இடம் கிடைக்காது. நாற்று வாங்கும்போது உள்ளூர் இனமா என்று கேளுங்கள். அநேகமாக ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் குளவி, அது இங்கே இல்லையென்றால் காய் பெரும்பாலும் பழுக்காமலே உதிரும்.