சொல் விளக்கம்: ‘பிரிவிலேஜ்’ என்பதைச் சலுகை என்னலாமா?

இந்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமை, திருகோணமலை உப்புவெளியில் ஒரு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்கிற நிகழ்வு நடந்தது. கதிரை அடுக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பனர். அதில் கொட்டை எழுத்தில், ‘சலுகை பெற்றவர்களிடமிருந்து சலுகையற்றவர்களுக்கு’ என்று இருந்தது. கடல் கடந்து ஆங்கிலத்தில் வந்த வாசகம். அதில் ‘பிரிவிலேஜ்’ (privilege) என்றிருந்ததை இங்கே யாரோ ஓர் இரவில் சலுகை என்று தமிழாக்கியிருக்கிறார்கள்.

பக்கத்தில் ஓர் அம்மா இருந்தார். மடியில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி இன்னொரு பிள்ளை. பனரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “சலுகை பெற்றவர்கள் எண்டா ஆர் தம்பி? அஸ்வெசும எடுக்கிற ஆக்களோ? நாங்களும் எடுக்கிறம். அப்ப எங்களுக்குப் பை இல்லையோ?”

அஸ்வெசும என்பது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு கொடுக்கிற உதவிப்பணம். பை உங்களுக்குத்தான் அம்மா, சலுகை பெற்றவர்கள் என்று எழுதியிருப்பது மேடையில் இருக்கிறவர்களை என்றேன். அவர் மேடையை ஒருமுறை பார்த்தார். கோட்டுப் போட்டவர்கள், பட்டுச்சேலை கட்டியவர்கள். “அவையளுக்கு ஆர் சலுகை குடுத்தது?” என்றார்.

அந்தக் கேள்விக்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. ஆனாலும் இந்தச் சொல்லைப் பத்திரிகையில், அறிக்கையில், பட்டமளிப்பு விழாப் பேச்சில் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

முதலில் ‘பிரிவிலேஜ்’ என்பதன் வேர். லத்தீனில் ‘பிரீவுஸ்’ என்றால் தனி, ‘லெக்ஸ்’ என்றால் சட்டம். இரண்டும் சேர்ந்து, ஒரு தனி ஆளுக்கென்று போட்ட சட்டம். பழைய ரோமில் அது நல்லதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. ஒருவனைக் குறிவைத்து எதிராகப் போட்டாலும் அதே பெயர்தான். அப்படிப் போடக்கூடாது என்று பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே விதி உண்டு. பிற்காலத்தில் பிரபுக்களுக்கும் குருமாருக்கும் நகரங்களுக்கும் அரசர் எழுதிக் கொடுத்த தனி உரிமைகளுக்கு அந்தப் பெயர் நின்றது. இன்று நாம் முட்டிக்கொள்கிற பொருள் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. 1988இல் அமெரிக்காவில் பெக்கி மெக்கின்டோஷ் என்ற ஆய்வாளர், வெள்ளைத் தோல் என்பதற்காகவே தனக்கு அன்றாடம் கேளாமல் கிடைக்கிறவற்றைப் பட்டியல் போட்டார். அதற்குப் பிறகுதான், எந்தச் சட்டத்திலும் எழுதாத, பெற்றவருக்கே தெரியாத அனுகூலம் என்ற பொருள் பரவலாகப் பேச்சுக்கு வந்தது.

ஆக, சட்டப் பொருள் ஒன்று, சமூகப் பொருள் ஒன்று. சட்டப் பொருளுக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: சிறப்புரிமை. 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற (தத்துவங்களும் சிறப்புரிமைகளும்) சட்டம் அதைத்தான் எடுத்தாள்கிறது. உறுப்பினர் ஒருவர் எழுந்து தன் சிறப்புரிமை மீறப்பட்டுவிட்டது என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்குகிறது. எழுதி வைத்த உரிமை, சிலருக்கு மட்டும் உரியது. அதில் கைவைக்க வேண்டாம். (‘தத்துவங்கள்’ என்றால் அங்கே அதிகாரங்கள். அந்தக் கதையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.)

சிக்கல் சமூகப் பொருளில்தான். அங்கே சலுகை வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறது.

சலுகை என்பது தமிழ் காதில் எப்படி விழுகிறது? பஸ் சீசன் சலுகை. முதியோருக்குச் சலுகை. பெருநாளுக்குப் புடவைக்கடையில் சலுகை விலை. எல்லா இடத்திலும் கொடுக்கிற கை ஒன்று இருக்கிறது. அது எந்த நேரமும் நிறுத்திக்கொள்ளலாம். பெறுகிறவர் ஒரு படி கீழே நிற்கிறார். கன்னடத்தில் ‘சலுகெ’ என்று ஒரு சொல் உண்டு. நெருங்கிப் பழகியதால் எடுத்துக்கொள்ளும் உரிமை என்பது பொருள். நம்முடையதிலும் அந்தச் சாயல் இருக்கிறது. “சலுகை குடுத்துக் குடுத்துத்தான் அவன் கெட்டான்” என்று வீட்டில் சொல்வது அதுதான். எப்படிப் பார்த்தாலும் சலுகைக்கு ஒரு கொடுப்பவர் வேண்டும், பெறுகிறவருக்குத் தான் பெறுவது தெரிந்திருக்க வேண்டும். பிரிவிலேஜ் என்பதன் உயிர் இருப்பதே கொடுத்தவர் கண்ணில் படாததிலும் பெற்றவர் உணராததிலும். பொருளின் முதுகெலும்பை முறித்துவிட்டுத் தோலை மட்டும் மொழிபெயர்த்தால் எப்படி?

வெறும் அழகுப் பிரச்சினை என்றால் விட்டுவிடுவேன். இந்தச் சொல் ஆளையே மாற்றிக் காட்டுகிறது. பல்கலைக்கழக அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதுக்குமான திறமை வரிசைக்கு, 55 இடம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்ப, மீதி 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. சரி, இப்போது இரண்டு பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி நகரத்துக்குள் இருக்கிறாள். தாய் ஆசிரியை, மேசை, விளக்கு, வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை, பௌதிகத்துக்கு ஒரு ரியூஷன், இரசாயனத்துக்கு இன்னொன்று. மற்றவள் வெருகலில் இருக்கிறாள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க நகரத்துக்கு வந்து உறவினர் வீட்டில் தங்க வேண்டும், தங்கினால் அந்த வீட்டுச் சட்டி பானையும் கழுவ வேண்டும். விண்ணப்பத்தில் இருவருக்கும் மாவட்டம் ஒன்றே. வெட்டுப்புள்ளியும் ஒன்றே.

இருவருக்கும் மாவட்டக் கோட்டா கிடைக்கிறதே, அது சலுகை. அரசு கொடுக்கிறது, எழுதிக் கொடுக்கிறது, வருடா வருடம் அதைப் பற்றிச் சண்டையும் பிடிக்கிறோம். முதலாமவளுக்கு மட்டும் மேலதிகமாக ஒன்று இருக்கிறது. அந்த மேசையும் விளக்கும் எந்த வர்த்தமானியிலும் வராது. அதற்கும் சலுகை என்றே பெயர் வைத்தால் என்ன ஆகும்? “சலுகை பெற்றவர்கள்” என்றதும் கேட்பவர் மனம் கோட்டாப் பிள்ளையைத் தேடிப் போகும், அஸ்வெசும எடுக்கிற அம்மாவைத் தேடிப் போகும். விரல் நீட்ட வேண்டியது மேல் வீட்டை. நீட்டியிருப்பது கீழ் வீட்டை. ஆங்கிலத்தில் பணக்காரரை உறுத்துவதற்காகச் சொன்ன சொல், தமிழுக்கு வந்து ஏழையைச் சுடுகிறது.

நானும் யோக்கியன் இல்லை. சுனாமிக்குப் பிறகு இங்கே வந்திறங்கிய நிறுவனங்களுக்கு அறிக்கை மொழிபெயர்த்துச் சோறு தின்றவன். 2005இல் ‘சலுகை குறைந்த சிறுவர்கள்’ என்று நானே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு, யோசிக்க நேரமில்லை. ‘வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்’ என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அது காதில் ஏறவில்லை, ஆங்கிலச் சொல்லின் தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

கொழும்பில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர், சமூகப் பொருளுக்கும் சிறப்புரிமையே போதும், ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பிடிவாதமாக நிற்கிறார். ‘வர்க்கச் சிறப்புரிமை’ என்று கட்டுரையே எழுதினார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. உரிமை என்றதும் வாதம் முடிந்துவிடுகிறது. உரிமையை யார் விட்டுக்கொடுப்பார்? அப்பன் பணத்தில் படித்ததை உரிமை என்று ஒத்துக்கொண்ட பிறகு, அதைக் கேள்வி கேட்பவர்தான் குற்றவாளி.

ஊர்ப்பேச்சில் ‘கொடுத்து வைத்தவன்’ என்கிறோமே, அதை எடுக்கலாமா என்றும் யோசித்தேன். அழகான தொடர், கேளாமல் கிடைத்தது என்ற பொருளும் இருக்கிறது. ஆனால் அதற்குள் போன பிறவிக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. அங்கே கொடுத்து வைத்தான், இங்கே எடுக்கிறான், உனக்கென்ன? அநியாயத்துக்கு வங்கிப் புத்தகம் காட்டுகிற தொடர் அது. வேண்டாம்.

என் சிபாரிசு முற்பேறு. பெறு என்பதிலிருந்து பேறு; முன் சேர்ந்தால் முற்பேறு, முற்பகல் போல. ஓட்டம் தொடங்குமுன்பே கையில் வந்து சேர்ந்தது என்று பொருள். கொடுத்தவர் யார் என்று சொல் கேட்கவில்லை, உரிமை என்றும் சாதிக்கவில்லை. ‘அவருக்குப் பல முற்பேறுகள்’, ‘முற்பேறு பெற்ற குடும்பம்’ என்று வாக்கியத்திலும் இடறாமல் ஓடுகிறது. தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கும் என் தங்கைக்குச் சொன்னேன். சிரித்தாள். “பேறு எண்டா எனக்குப் பிள்ளைப்பேறுதான் அண்ணா. உங்கட சொல்லைக் கேட்டா கிளினிக் ஞாபகம் வருது” என்றாள். நல்லதாய்ப் போயிற்று. இந்த விடயத்தில் பாதி, பிள்ளை பிறக்கும் கட்டிலிலேயே முடிவாகிவிடுவதுதானே.

புதுச்சொல்லுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. 1920களில் இந்த ஊர் இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள்தான் 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்கும் தலைமை தாங்கினார். சொல் செய்வது நமக்குப் புதிதில்லை. சொல்லைச் செய்துவிட்டு அது வழங்கும்வரை காத்திருக்கிற பொறுமைதான் இப்போது இல்லை.

கொடுக்கிற பக்கத்துச் சொற்களும் இதே கெதிதான். நம் செய்தித்தாள்களில் எதையும் யாரும் கொடுப்பதில்லை, ‘வழங்கி வைக்கிறார்கள்’. கொப்பி வழங்கி வைப்பு, சைக்கிள் வழங்கி வைப்பு. கம்பனிக்காரர் கொடுத்தால் அது ‘கூட்டாண்மை சமூகப் பொறுப்பு’. வெளிநாட்டுப் பழைய மாணவர் கொடுத்தால் ‘அன்பளிப்பு’. மேடையில் இருந்தவர்களில் பலர் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வியில் படித்தவர்கள். 1945இலிருந்து இந்த நாட்டில் தேயிலை பறித்தவரும் வயல் வெட்டியவரும் கட்டிய வரியில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை ஏறியவர்கள். அவர்கள் திருப்பித் தருவது எப்படி அன்பளிப்பாகும்? தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கடன். பட்ட காசுக்கும் அதுதான் பெயர், செய்ய வேண்டிய கடமைக்கும் அதுதான் பெயர்.

இங்குள்ள கோணேசர் கோயிலைப் பற்றிய பழைய நூலான கோணேசர் கல்வெட்டைப் புரட்டினால், குளக்கோட்டன் என்ற அரசன் கோயில் ஊழியக்காரரைத் தானத்தார், வரிப்பத்தார் என்று வகுத்து, இன்ன குடிக்கு இன்ன தொழும்பு என்று விதித்த கதை வருகிறது. பெற்றதும் செய்ய வேண்டியதும் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருக்கின்றன. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். சாதிக்குச் சாதி ஆளைக் கட்டிப்போட்ட ஏற்பாடுதான் அது. ஆனாலும் பெற்றவன் சும்மா இருக்கலாம் என்று அந்த ஏட்டில் ஓர் இடத்திலும் இல்லை. பிற்காலத்தில், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று தன் பொருளைக் கொடுத்த தங்கம்மா சண்முகம்பிள்ளை இந்த நகரத்தில்தான் இருந்தார். ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி இன்றைக்கும் நடக்கிறது.

நிகழ்வு முடிந்த கிழமை, ஏற்பாட்டுக்காரப் பையனுக்கு எழுதினேன். அடுத்த முறை சலுகையை எடுத்துவிட்டு ‘முற்பேறு பெற்றவர் கடன்’ என்று போடு, அதுவும் பிடிக்காவிட்டால் ‘பிள்ளைகளுக்குப் புத்தகப்பை’ என்று மட்டும் போடு, எல்லாருக்கும் விளங்கும் என்று. அன்றைக்கே பதில் வந்தது: “நல்ல யோசனை அண்ணா. ஆனா பனர் நல்ல துணி, வருடம் போடாமத்தான் அடிச்சனாங்கள். வாற வருசத்துக்கும் கட்டலாம் எண்டு சுருட்டி வைச்சிருக்கு.”