பூப் படத்தைக் குவில்ட் ஆக்குமுன் அதைக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள்

வெள்ளவத்தையில் தையல் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பலர் போனில் ஒரு பூப் படத்தைக் காட்டி, "டீச்சர், இதை அப்படியே குவில்ட்டாகச் செய்ய வேணும்" என்கிறார்கள். குவில்ட் என்றால் துணித் துண்டுகளை வெட்டி ஒட்டிப் படமாக்கி, உள்ளே பஞ்சு வைத்து அடுக்காகத் தைப்பது. தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதற்காக உடனே புறக்கோட்டைக்கு ஓடித் துணி வாங்கிவிடாதீர்கள். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் தையலில் இல்லை, கத்தரிக்கோலைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே.

செவ்வரத்தையை எடுத்துக்கொள்ளுங்கள், மதிலோரம் நிற்பதால் முதலில் எல்லாரும் படம் பிடிப்பது அதைத்தான். மதிய வெயிலில் எடுத்தால் போன் கமரா அந்தச் சிவப்பைத் தாங்காது, இதழின் நரம்பும் மடிப்பும் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாக வரும். அதில் வெட்டி ஒட்ட என்ன இருக்கிறது? காலை ஏழு மணி வாக்கில், வெயில் பக்கவாட்டில் விழும்போது, கமராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள்.

அப்புறம் அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறத்தில் அவ்வளவு பளிச்சென்று பிரிந்து நின்ற சிவப்புப் பூவும் பச்சை இலையும் பல நேரம் ஒரே சாம்பலாகிவிடும். அதை அப்படியே துணியில் செய்தால், மேசையில் அழகாக இருக்கும், சுவரில் மாட்டிப் பத்தடி தள்ளி நின்றால் பூ இலைக்குள் கரைந்துபோகும். ஆகவே இலையை இருட்டாக்குங்கள். கடும்பச்சை, ஏன், கருநீலம்கூடப் போடலாம். படத்துக்கு அவ்வளவு விசுவாசம் தேவையில்லை. இதழுக்கு வெளிர் ரோஸிலிருந்து கறுப்பை ஒட்டிய அரக்கு வரை ஐந்தாறு படி வேண்டும். எடுத்த துணிகளை வரிசையாக வைத்து அவற்றையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடியுங்கள், இரண்டு துண்டு ஒன்றுபோலத் தெரிந்தால் அதில் ஒன்று வேண்டாம்.

துணியில் இரண்டு எச்சரிக்கை. கிலோக்கணக்கில் வாங்கும் ஆடைத் தொழிற்சாலைத் துண்டுகளில் பொலியெஸ்டர் நிறையக் கலந்திருக்கும், அயன் சூட்டில் சுருங்கும். சந்தேகமென்றால் ஓரத்தில் ஒரு நூலை இழுத்துக் கொளுத்துங்கள்: பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். மற்றது சாயம். பத்திக் துணி எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் கடும் சிவப்பும் நீலமும் வெள்ளைப் பின்னணியில் இறங்கிவிட்டால் அந்த வேலை முழுக்க வீண். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் பிடித்தால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். உப்பு, வினாகிரி போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். இன்றைய கடைத்துணிச் சாயங்களை அவை நிறுத்தாது. எதுவானாலும் வெட்டுமுன் துவைத்துச் சுருக்கம் எடுத்துவிடுங்கள்.

இதழ், இலை வடிவங்களைச் சூட்டில் ஒட்டும் தாளில் (அயன் பண்ணினால் துணியைத் துணியோடு ஒட்டும் பசைத் தாள்) வரையும்போது படத்தை இடம் வலமாகத் திருப்பி வரைய வேண்டும், இல்லாவிட்டால் பூ மறுபக்கம் பார்க்கும். இன்னொரு இதழின் அடியில் போகும் விளிம்பில் கால் அங்குலம் கூடுதலாக விடுங்கள். அயன் பண்ணியதும் தாளை உரிக்காதீர்கள், சூடு ஆறட்டும். பின்னணித் துணியும் நாலு பக்கமும் இரண்டு அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும், நெருக்கமாகத் தைக்கத் தைக்கக் குவில்ட் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று, இதைக் கேட்காமல் யாரையும் வகுப்பிலிருந்து அனுப்புவதில்லை: அந்தப் படம் யாருடையது? இணையத்தில் கிடைத்தது என்றால் அது எடுத்தவருடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படங்களையும் காக்கிறது, எடுத்தவர் காலமாகி 70 ஆண்டுகள் வரை. துணியில் செய்தாலும் அது அவருடைய படத்திலிருந்து வந்ததுதான். கண்காட்சிக்கு வைக்கவோ விற்கவோ நினைத்தால் முதலே கேளுங்கள், கேட்டால் நிறையப் பேர் சந்தோஷமாகத் தருவார்கள், அந்தச் சம்மதத்தை மட்டும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.